அதுக்கு முந்தி

அவனுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் அந்தக் காலத்தில் கண்ணைக் காட்டிய யாராவது படித்துவிட்டு, "அவரா! எங்க அண்ணன் கண்ண காப்பாத்தினவராச்சே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதினோரு வருடம் அதைக் கேட்டாயிற்று. இந்த வயதில் இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை.

'அவர்' என்று எழுதவும் கை வரவில்லை. என்னைவிட நாலு மாதம் பதினொரு நாள் இளையவன். கண் மருத்துவ உதவியாளர் படிப்பில் எங்கள் வகுப்பில் இருபத்துமூன்று பேர். நான் இரண்டாவதாக வந்தேன். அவன் பத்தொன்பதாவது. இருவருக்கும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வேலை கிடைத்தது. மதிப்பெண் பட்டியலை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு தர்மஸ்தாபனம் நடத்திய சின்னக் கண் ஆஸ்பத்திரி அது. மாடிக்குப் பதினான்கு படி. மாடியில் டாக்டரம்மா இருப்பார். பக்கத்து அறையில் மூன்று கட்டில். கீழே எங்கள் அறையில் இரண்டு நாற்காலி, ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. நடுவில் பன்னிரண்டு அடி. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, விளக்கில் கண்ணை ஒரு பார்வை பார்த்து, சீட்டில் எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். இதுதான் வேலை. டாக்டரம்மாவுக்கு ஏதாவது சந்தேகம் என்றால் மேலிருந்து மணி அடிப்பார். ஒரு மணி அடித்தால் நான் போக வேண்டும், இரண்டு அடித்தால் அவன். சாதாரண நாளில் எனக்கு மூன்று முறை அடிக்கும். அவனுக்குப் பத்துக்குக் குறைந்ததில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புரை இருக்கும், பவர் இருக்கும், அல்லது லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் விழுந்திருக்கும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் பெயர் வாங்கியது கார்னியாவில். கைக்கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி இருக்கிறதல்லவா, கருவிழிக்கு மேலே அப்படி ஒரு தெளிந்த படலம் உண்டு, அதுதான் கார்னியா. அதில் வரும் நோய்களில் பாதி அபூர்வமானவை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். வந்தால் ஏன் வந்தது என்று தெரியாது. காரணம் தெரியாமல் சொட்டு ஊற்றினால் கண் போய்விடும்.

இதைப் பற்றி ஒரு தடிப்புத்தகம் எங்கள் அறையில் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் மூன்று முறை முழுதாகப் படித்திருக்கிறேன். குள்ளமானவர்கள் வந்தால் முகவாய் விளக்குக்கு எட்டாதே, அவன் அந்தப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன்மேல் அவர்களை உட்காரவைப்பான். அவனுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

படிக்காமல் எப்படித்தான் கண்டுபிடித்தான்? அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பூ விற்கிற ஒரு அம்மாள் வந்தாள். முதலில் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். புகை மூட்டமாகத் தெரிகிறது என்றாள். பதினோரு கண்ணாடி மாற்றிப் போட்டேன். ஒன்றிலும் தெளியவில்லை. விளக்கில் பார்த்தால் படலம் ஊதி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிறது. வலி உண்டா என்றால் இல்லை என்கிறாள். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"இன்னாம்மா, எப்பத்திலேர்ந்து?"

"முந்தாநேத்து காலைல எழுந்தா இப்டி கீதுப்பா."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்திச்சு."

"அத்த கேக்கல. இன்னா பண்ணிகினு இருந்தே?"

"தூங்கிகினு இருந்தேன்."

"அதுக்கு முந்தி?"

"சோறு துன்னேன்."

"அதுக்கு முந்தி?"

"ஏம்பா, நான் எங்கம்மா வயித்துல இருந்த வரைக்கும் கேப்பியா நீ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "தேவப்பட்டா கேப்பேன். சொல்லு, அதுக்கு முந்தி?"

"மால கட்னேன். புள்ளையார் சதுர்த்தி வருதில்ல."

அவன் எழுந்து வந்து அவளுடைய இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எருக்கம்பூ மாலை. எருக்கம்பால் கையில் பட்டு, வேர்வையைத் துடைக்கும்போது கண்ணுக்குள் போயிருக்கிறது. எருக்கம்பாலில் ஒரு விஷயம், அது கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காது, படலத்தை மட்டும் ஊதவைத்துவிடும். வலிக்காததால் அவளுக்கு ஞாபகமே இல்லை. டாக்டரம்மா மருந்து கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பார்வை தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு முழம் மல்லிகை வந்தது. பதினோரு கண்ணாடி மாற்றிப் போட்ட எனக்கு ஒரு இதழ் வரவில்லை.

என்னை அவன் "வாத்யாரே" என்று கூப்பிடுவான். நான் யாருக்கும் பாடம் எடுத்தவனில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பதால் அப்படி ஒரு பெயர். "இன்னா வாத்யாரே, இன்னிக்கு எத்தினி படி ஏறின?" என்று கேட்பான். கேலியா பிரியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல். நான் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வேன். பக்கத்தில் வராமல் இருக்க அது ஒரு வழி.

குறையே இல்லாதவன் என்று நினைக்க வேண்டாம். தினமும் இருபது நிமிடம் தாமதமாகத்தான் வருவான். சீட்டில் பாதி கட்டங்களை நிரப்பமாட்டான். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். டாக்டரம்மா அதற்காக அவனைத் திட்டியதை நான் பதினான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அவன் குத்தம்பாக்கத்துக்காரன். நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். ஒரு முறை அவன் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஒரு பெரியவர் தன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. இருவர் படலத்திலும் சாம்பல் தூவியது போல மங்கல் திட்டுகள். அடிபடவில்லை, எதுவும் விழவில்லை, காய்ச்சலும் வந்ததில்லை.

"உங்க ஊட்ல பொண்ணு எங்க எடுத்தீங்க பெரியப்பா?" என்று கேட்டான்.

"வெளிலயா எடுப்போம்? எங்கக்கா பொண்ணுதான்."

"அதுக்கு முந்தி?"

"எங்கப்பனுக்கும் அக்கா பொண்ணுதான்."

"அதுக்கு முந்தி?"

"தாத்தனுக்கு மாமன் பொண்ணு. இன்னாத்துக்கு இதெல்லாம்? கல்யாணம் பண்ணி வெக்கப் போறியா?"

டோக்கன் அட்டையின் பின்பக்கம் அவன் கோடு கோடாகப் போட்டான். எல்லாக் கோடும் சுற்றி ஒரே வீட்டுக்குள் வந்து விழுந்தன. விஷயத்தைச் சொன்னான். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா பொண்ண கட்னா கண்ணு பூடுமா? அப்ப எங்க ஊர்ல பாதிப் பேரு தடவிகினுதான் போவணும்!"

"எல்லாருக்கும் வராது பெரியப்பா. ரெண்டு பக்கமும் இது ஒளிஞ்சிகினு இருக்கிற ஊட்டுக்குத்தான் வரும்."

"சரி, சொட்டு இன்னா, அத்த குடு."

"வந்த கண்ணுக்கு டாக்டரம்மா பட்டணத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, வேற படலம் வெச்சித் தெப்பாங்க. இனிமே பொறக்கற கண்ணுக்கு, உன் மவனுக்கு வெளிய பொண்ணு பாரு. அதான் சொட்டு."

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போனார். வரமாட்டார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஏழு மாதம் கழித்து மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தார். பெண் அரக்கோணம், எந்த உறவும் கிடையாதாம். அவன் கையில் பத்திரிகையை வைத்துத் தலையைத் தடவினார். திரும்பும்போது எதிரே நான் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது போலிருக்கிறது. "நீயும் வா தம்பி" என்றார். அந்த 'உம்'மை நான் இன்னும் மறக்கவில்லை.

வெளியாட்கள் போகட்டும். என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

அப்போது நாங்கள் ஆவடியில் அப்பாவின் குவார்ட்டர்ஸை விட்டுவிட்டுத் திருமுல்லைவாயிலில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவிக்கு வலது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. நான் மூன்று வகைச் சொட்டு கொடுத்தேன். பதினாறு நாள் ஆயிற்று. ஒரு நாள் நான் கண் பரிசோதனை முகாமுக்காகத் திருவேற்காடு போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் கண் பளிச்சென்று இருக்கிறது.

"உங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்," என்றாள். "உங்க ஃபிரண்டு பார்த்தாரு."

"ஃபிரண்டு இல்ல."

"சரி, உங்க எதிர் நாற்காலி. துணி எங்க காயப் போடுறீங்கன்னு கேட்டாரு. முருங்கை மரத்தடியிலன்னு சொன்னேன். இமையைத் திருப்பினாரு. மூணு முடி எடுத்தாரு. கம்பளிப்பூச்சி முடியாம். தலகாணி உறையில ஒட்டிட்டு வந்து கண்ணுல குத்திக்கிச்சாம்."

"மூணா?"

"மூணுதான். நீங்க கேப்பீங்கன்னு எண்ணிட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏங்க, இத்தன வருஷமா ஒரே வீட்ல இருக்கீங்க, துணி எங்க காயுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. கொடியில் எத்தனை கிளிப் இருக்கிறது என்று தெரியும், இருபத்திரண்டு. கொடி எங்கே இருக்கிறது என்று யோசித்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருங்கை மரத்தை வெட்டினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பூச்சி வந்தால் தீப்பந்தம் காட்டினால் போதும், நன்றாகக் காய்க்கிற மரம் என்றாள். அதையும் அவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி ஏழுமலையைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் முடித்துவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

ஏழுமலை பாடி பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டுகிற கொட்டகையில் வெல்டிங் வேலை பார்த்தவன். நாங்கள் சேர்ந்து எட்டாவது வருடம். கண்ணாடி போடாமல் வெல்டிங் அடித்துவிட்டு, இரண்டு கண்ணும் வீங்கி, காலை எட்டே முக்காலுக்கு வந்து நின்றான். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"அவரு இல்லீங்களா?" என்றான்.

"நான் இருக்கேனே."

"இல்ல சாரே, அவரு வந்தா காட்டிக்கலாம்னு." கண்ணைத் திறக்க முடியவில்லை, கன்னத்தில் நீர் ஓடுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்படியும் அவனுக்காகக் காத்திருக்கத் தயார்.

கையைப் பிடித்து உட்காரவைத்து, பரிசோதனைக்கு முன் ஊற்றுகிற மரத்துப்போகும் சொட்டை ஊற்றினேன். பட்டறைக்காரர்கள் அதை ஐஸ் சொட்டு என்பார்கள். அரை நிமிடத்தில் ஏழுமலை கண்ணைத் திறந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சாரே! மணல அள்ளிக் கொட்னா மாதிரி இருந்திச்சு, ஒண்ணுமே இல்ல சாரே! நீ தெய்வம் சாரே!"

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எட்டு வருடத்தில் ஒருவர்கூட.

"இத்த கொஞ்சம் குடு சாரே. ஊட்டுக்குப் போனா மறுபடி எரியும்."

அந்தச் சொட்டை வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வேலை போய்விடும், சேர்ந்த அன்றே டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலியை மறைக்கும், ஆனால் படலத்தை ஆறவிடாது. தானாக இரண்டு நாளில் ஆறுகிற புண், சொட்டு ஊற்ற ஊற்றப் பெரிதாகும். பெரிதானால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் ஊற்றுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். மருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. நான் எண்ணுகிறவன் என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சீசாவின் அடியிலும் மையால் எண் எழுதி வைப்பேன்.

பதினேழாம் எண் சீசாவை எடுத்து ஏழுமலையின் சட்டைப் பையில் போட்டேன். "ரெண்டே ரெண்டு சொட்டு. நாளைக்கு மறுநாள் தூக்கிப் போட்டுடணும்," என்றேன். பதிவேட்டில் 'உடைந்தது: 1' என்று எழுதினேன். நான் தெரிந்தே தப்பாக எழுதிய முதல் எண் அது.

பன்னிரண்டு நாள் கழித்து ஏழுமலை மறுபடி வந்தான். வாசலிலேயே நின்று ஜாடை காட்டினான். உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான். "அவர்கிட்ட காட்டறியா?" என்று கேட்டேன். "அவரு இன்னாத்துக்கு சாரே, நீயே போதும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்தொன்றாம் எண் சீசாவையும் கொடுத்தேன். கண்ணை விளக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் எதிர் நாற்காலியும் பார்க்கும்.

மேலும் பதினைந்து நாளில் ஏழுமலையை அவன் தம்பி தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். மேலே இரண்டு மணி அடித்தது. உடனே ஒரு மணியும் அடித்தது. இருவரும் போனோம்.

வலது கண் படலத்தில் வெள்ளையாக ஒரு வளையம். பொட்டு அளவில், வட்டமாக. டாக்டரம்மா விளக்கிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

"குளம், கிணறுன்னு எங்கயாவது குளிச்சியாப்பா?"

"போன வாரம் மாமியா ஊட்டாண்ட கெணத்துல குளிச்சேம்மா."

அவர் எங்களைப் பார்த்தார். தேங்கின தண்ணீரிலிருந்து வருகிற ஒரு நுண்ணுயிர், மிக அபூர்வம், வந்தால் இப்படித்தான் வளையம் போடும், மாதக்கணக்கில் கடுமையான மருந்து ஊற்ற வேண்டும், அப்படியும் கண் நிற்பது சந்தேகம், பட்டணத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அந்த நோய் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதே பக்கத்தின் அடியில், மரத்துப்போகும் சொட்டை நாள்கணக்கில் ஊற்றினாலும் இதே வளையம் வரும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று இரண்டு வரி இருப்பதும் தெரியும். மூன்று முறை படித்தவன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா," என்றான் அவன். ஏழுமலை பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கெணத்துல குளிச்சதுக்கு அப்பாலதான் எரிச்சலா?"

"இல்லண்ணா, குளிக்கும்போதே எரிஞ்சிச்சு."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் எரிச்சல்தான்."

"அதுக்கு முந்தி?"

"வெல்டிங் அடிச்சேன்."

"எப்போ?"

"ஒரு மாசம் ஆவுதுண்ணா."

"வெல்டிங் எரிச்சல் ரெண்டு நாள்ல வுட்டுடும். உனக்கு இன்னா ஒரு மாசமா எரிஞ்சிகினே கீது? நடுவுல இன்னா ஊத்தின?"

ஏழுமலையின் இடது கண் மட்டும் என் பக்கம் ஒரு கணம் வந்து போனது. கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. எதிர் நாற்காலிக்காரன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, சீசாவை உருவித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அடியில் என் கையெழுத்தில் இருபத்தொன்று.

"ஐஸ் சொட்டு டாக்டரம்மா. கெணறு இல்ல, இதான்," என்று சொல்லிச் சீசாவைத் தன் பாண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"யார் கொடுத்தது?" டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது.

"பட்டறைல ஒருத்தரும்மா," என்றான் ஏழுமலை. "யாருன்னு தெர்ல."

இப்போது அவன் கேட்க வேண்டும். வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். எருக்கம்பூவரைக்கும் போனவன், தாத்தன் கல்யாணம்வரைக்கும் போனவன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"மொதல்ல இத்த நிறுத்துவோம் டாக்டரம்மா. மிச்சம் அப்பால பாத்துக்கலாம்."

ஏழுமலையை மாடிக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணைக் கட்டினார்கள். முதல் மூன்று நாள் சொட்டு இல்லாமல் அவன் கத்தியது கீழே கேட்டது. நாலாம் நாள் வளையம் பெரிதாவது நின்றது. தினமும் நான் அவனுக்கு வெப்பநிலை குறிக்கப் போவேன். ஆறாம் நாள் என் காதருகில் சொன்னான், "நான் சொல்ல மாட்டேன் சாரே. நீ நல்ல மனசோட குடுத்த." அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

கீழே எதிர் நாற்காலிக்காரன் ஒன்றும் நடக்காதவன் போல இருந்தான். "இன்னா வாத்யாரே, சாப்டியா?" என்பான். நான் காத்திருந்தேன். இன்று கேட்பான், நாளைக்குக் கேட்பான். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்கவே இல்லை. என் கணக்கில் எட்டு நாள் தூக்கம் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் பதினான்கு படியும் ஏறினேன். டாக்டரம்மா முன்னால் நின்று, இரண்டு சீசாவும் நான்தான் கொடுத்தேன், பதிவேட்டில் உடைந்தது என்று பொய் எழுதினேன் என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "தெரியும்," என்றார். "அன்னிக்கு சாயங்காலமே சீசாவைக் கொண்டு வந்து காட்டினார். உங்களைக் கூப்பிட மணியில கை வைச்சேன். வேணாம், ரெண்டு நாள்ல அவரே வந்து சொல்லுவாரு, பொறுத்துக்கங்கன்னார். ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம் தினமும் படியேறி வந்து, இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு கேட்டுட்டு இருந்தார்."

"ஒன்பது நாள்," என்றேன்.

"நானும் எண்ணினேன்," என்றார்.

கண் முழுதாகப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். ஏழுமலை வெல்டிங் எரிச்சலோடு வருவதற்கு முந்தைய வருடம் பலகையில் ஏழு வரியும் படித்தவன், என் சீட்டிலேயே இருக்கிறது. பின்னால் குணமாகிப் போகும்போது நான்கு வரி படித்தான். மூன்று வரி போயிற்று. டாக்டரம்மா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பதினைந்து நாள் வர வேண்டாம் என்றார். மருந்து அலமாரியின் சாவியை என்னிடமிருந்து வாங்கி, அவனிடம் கொடுக்கச் சொல்லி என் கையிலேயே திருப்பித் தந்தார்.

இறங்கி வந்தேன். வெட்கப்பட வேண்டிய நேரம்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. குற்றத்தைக்கூட நான் முதலில் போய்ச் சொல்ல முடியவில்லை, அங்கேயும் எனக்கு முன்னால் படியேறியிருக்கிறான். எனக்காக நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

மத்தியானம். அவன் டப்பாவைத் திறந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாவியை மேஜையில் வைத்தேன்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டீங்களே. என்னை மட்டும் ஏன் கேட்கல?"

"பேஷண்ட கேக்கலாம் வாத்யாரே. உன்ன எப்டி கேக்கறது? நான் கேட்டு நீ சொன்னா மாட்டிக்கின மாதிரி ஆயிடும். நீயா போய் சொன்னாத்தான் மரியாத."

"ஏன் கொடுத்தேன்னு தெரிய வேணாமா உங்களுக்கு?"

"அதான் தெரியுமே," என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டான். "அவன் துடிச்சிருப்பான். நீ பாவம் பாத்து குடுத்துட்ட. யாரா இருந்தாலும் மனசு தாங்காது."

"பாவமா? யார் பாவம் பார்த்தது? உன் மேல இருந்த பொறாமையில கொடுத்தேன்யா!"

எட்டு வருடத்தில் முதல் தடவையாக 'உன்' என்று வந்துவிட்டது. வெளியே வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அவன் கை டப்பாவிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு தன்னுடைய நாற்காலியைப் பார்த்தான், என் நாற்காலியைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான்.

"என் மேலயா? இன்னாத்துக்கு?"

நடிக்கிறானோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. அவனுக்குத் தெரியவில்லை. மணி அடித்த கணக்கு, மல்லிகைப்பூ, கல்யாணப் பத்திரிகை, என் வீட்டு முருங்கை மரம், எதுவும் அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு அடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நான் எட்டு வருடம் ஓடிய பந்தயத்தில் அவன் ஓடவே இல்லை. ஒரு கணம் ஜெயித்துவிட்டது போல இருந்தது. அடுத்த கணம், தோற்கடிக்க எதிரே ஆளே இல்லை என்பது உறைத்தது.

"ஒண்ணும் இல்ல, சாப்பிடு," என்றேன்.

அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிச்சத்தை அப்படியே மூடிவிட்டான்.

பதினைந்து நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கேட்டான். "சொல்லு வாத்யாரே, இன்னாத்துக்கு?" அதற்குப் பிறகு மூன்று வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். டீ குடிக்கும்போது கேட்பான், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கேட்பான், என் மனைவியிடமே ஒரு முறை கேட்டுவிட்டான். "உங்க மரத்த வெட்டினதுக்கும் அதுக்கும் எதுனா சம்மந்தம் கீதாம்மா?" என்றானாம். அவள் சிரித்துக்கொண்டே, "அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டாளாம். வளையத்துக்கும் வடுவுக்கும் காரணம் கண்டுபிடித்தவனுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. எத்தனை முறை கேட்டான் என்பதற்கு நான் கணக்கு வைத்திருந்தேன். இருநூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி அவனைக் கூப்பிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. கடைசி நாள் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி பஸ் நிலையம்வரை நான்தான் போனேன். வேறு யாரையும் அவன் வரச் சொல்லவில்லை.

பஸ் வந்ததும் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அத்த மட்டும் சொல்லிடு வாத்யாரே. நான் உனுக்கு எதுனா கெடுதல் பண்ணிட்டேனா? தெரியாம பண்ணியிருந்தா சொல்லு."

பின்னால் நின்றவர்கள் ஏறுய்யா ஏறுய்யா என்று தள்ளினார்கள். அவன் முகம் அப்போது, அண்ணன் கண் என்ன ஆகுமோ என்று கீழே பெஞ்சில் காத்திருந்த ஏழுமலையின் தம்பி முகம் போல இருந்தது. நீ எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று சொல்ல நாலு வார்த்தை போதும்.

"சீட்டு போயிடும், ஏறு," என்றேன்.

ஏறினான். ஜன்னலுக்கு வந்து கையை வெளியே நீட்டினான். பெட்டியை அதற்குள் ஏற்றிவிட்டிருந்தேன், கொடுப்பதற்கு என் கையைத் தவிர ஒன்றும் இல்லை, அதைக் கொடுக்கவில்லை. பஸ் திருமழிசைப் பக்கம் திரும்புகிறவரைக்கும் அவன் கையை உள்ளே இழுக்கவில்லை.